குளிர்காலத்தில் ஹாம்ஸ்டருக்கும் சுண்டெலிக்கும் கூடு அமைக்கும் முறை

உடல் சிறியதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடிவிடும். உண்டாகும் சூடு வேகமாக வெளியேறும். சுண்டெலி சிரமமில்லாமல் உடல் சூட்டைக் காக்க ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். நமக்கு இதமான 21 டிகிரி அறையில்கூட அது அதிகமாகத் தின்று, தோள்களுக்கு இடையிலுள்ள, சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது. அதற்காக அறை முழுவதையும் சூடாக்க வேண்டியதில்லை. கூட்டுக்குள் சூடு தங்கினால் போதும். அந்தக் கூட்டை அதுவே கட்டிக்கொள்ளும். பொருளைக் கொடுப்பதுதான் நம் வேலை.

சுண்டெலிக் கூண்டு ஒன்றுக்கு 8 முதல் 10 கிராம் காகித இழை கொடுங்கள். வாசனை சேர்க்காத டிஷ்யூ தாளை நீளநீளமாகக் கிழித்து, கசங்கிய காகிதக் கீற்றுகளோடு கலந்தால் கூட்டின் சுவர் சரியாமல் நிற்கும். பொருளைத் தூங்கும் பெட்டிக்குள் திணிக்காமல் வெளியே வையுங்கள், தானே இழுத்துப் போகும். மறுநாள் பாருங்கள்: மேலே கூரை மூடியிருந்தால் அளவு சரி. குளிரிலும் கூடு தட்டு போல் தட்டையாகவே கிடந்தால் இன்னும் கொடுங்கள். பஞ்சு மட்டும் வேண்டவே வேண்டாம். இழை காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

ஹாம்ஸ்டர் தோண்டி வாழும் பிராணி. அதற்குக் காகிதப் படுக்கை குறைந்தது 20 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். தூங்கும் பெட்டி உடல் சுருண்டு படுக்கும் அளவைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும்; இடம் கூடினால் சூடாக வேண்டிய காற்றும் கூடும். ஈரமான கூடு சூட்டைப் பிடிக்காது, எனவே நனைந்த பகுதியை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். ஆனால் சுத்தம் செய்யும்போது உலர்ந்த பழைய கூட்டை முழுதாகக் கொட்டாதீர்கள். மறுபடி கட்டும்வரை அது குளிரில் கிடக்கும்.

பெண் சுண்டெலிகள் ஒட்டிப் படுத்துச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும், அதனால் ஒன்றைத் தனியே வைப்பது நல்லதல்ல. சிரிய (Syrian) இன ஹாம்ஸ்டர்களை எவ்வளவு குளிரானாலும் சேர்க்காதீர்கள். ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடக்கூடும்.

சூடேற்றும் பாய் தேவைப்பட்டால், வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு, கூண்டின் வெளிப்பக்கச் சுவரில், ஒரு ஓரத்தில் மட்டும் பொருத்துங்கள். அடியில் வைக்கக் கூடாது. வெப்பம் தாங்காத பிராணி கீழ்நோக்கித்தான் தோண்டும், அங்கே இன்னும் சூடு இருந்தால் தப்ப வழியில்லை.

தீவனம் ஒருபோதும் தீரக் கூடாது. வயிறு காய்ந்த சுண்டெலி குளிரில் தன் உடல் சூட்டையே குறைத்து மந்த உறக்கத்தில் விழும். குட்டையின ஹாம்ஸ்டர்களில் சில, பகல் குறுகும் காலத்தில் சில மணி நேரம் அப்படிக் கிடந்து தானே எழும். சிரிய ஹாம்ஸ்டரோ கடுங்குளிர் நீடித்தால் நாள்கணக்கில் உறங்கிவிடும். காட்டில் இது உயிர் காக்கும் உத்தி. போதிய கொழுப்புச் சேராத வளர்ப்புப் பிராணிக்கு ஆபத்து. அறையை 18 முதல் 24 டிகிரிக்குள் வைத்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது.

உடல் சில்லிட்டுச் சுருண்டு கிடந்தால் இறந்துவிட்டதாக முடிவுகட்டிவிடாதீர்கள். மூச்சு நிமிடத்துக்கு ஓரிரு முறை மட்டுமே வரலாம். பல நிமிடங்கள் விலாவையும் மீசையையும் கவனியுங்கள். கூட்டுப் பொருளோடு இதமான அறைக்குக் கொண்டுவந்து, கைகளுக்குள் மெல்லச் சூடேற்றுங்கள். முழுதாக விழிக்கச் சில மணி நேரம் பிடிக்கலாம். ஹீட்டர் முன் வைப்பதும் வெந்நீர்ப் பையில் படுக்க வைப்பதும் தவறு. நகர முடியாத பிராணிக்குத் தோல் வெந்துவிடும். விழிக்காத பிராணியின் வாயில் தண்ணீர் விட்டால் நுரையீரலுக்குள் போகும். தலை தூக்கி நடக்கத் தொடங்கிய பிறகே தண்ணீர், அதன்பின் தீவனம்.

அறை 20 டிகிரிக்கு மேல் இருந்தும், தீவனம் இருந்தும் உடல் சில்லிட்டிருந்தால் அது உறக்கமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நோய் முற்றியிருக்கலாம். விழிக்கட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.