மன்னர் பெயரில் உறுதிமொழி எடுக்கும் முன்: வெளிநாட்டில் குடியுரிமை பெறும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு

சென்ற ஆண்டு காரைக்குடியில் ஒரு வீட்டு முகப்பில் உட்கார்ந்து, டொராண்டோவில் இருக்கும் மகனின் குடியுரிமை விழாவைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், மகன் வலது கையை உயர்த்திச் சொன்ன வாசகத்தில் மூன்றாம் சார்லஸ் மன்னரின் பெயர் காதில் விழுந்ததும், "என்ன தம்பி, இன்னமுமா ராசாவுக்குச் சத்தியம் பண்றாக?" என்று என்னிடம் கேட்டார். அங்கே காலை பத்து மணி, இங்கே இரவு ஏழரை. உறுதிமொழிக் கட்டத்தில் அதிகாரி சொன்னபடி அந்தப் பிள்ளை தன் நிரந்தரவாசி அட்டையைக் கேமரா முன் பிடித்து, கத்தரிக்கோலால் இரண்டாக நறுக்கியதையும் பார்த்தோம். ஆச்சிக்குச் சத்தியம் உறுத்தியது. எனக்கோ, அந்தப் பிள்ளை பத்து நாளில் தங்கை மகள் கல்யாணத்துக்கு வருவதாக டிக்கெட் எடுத்திருந்தது உறுத்தியது. கையில் இருந்த இந்தியப் பாஸ்போர்ட் அந்த நிமிடம் முதல் பயன்படாது. கனடா பாஸ்போர்ட்டுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணத்தையும் அவர் கைப்பேசியில்தான் பார்த்தார். அந்த நிலை வேறொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் இருக்கும் நாட்டில் மன்னர் பெயர் சொல்ல வேண்டுமா என்று பாருங்கள். பிரிட்டன், கனடா, நியூசிலாந்து ஆகிய மூன்றிலும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1994 முதல் அரசியின் பெயர் நீக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசம் என்று மட்டுமே வாசகம் உள்ளது. அமெரிக்காவில் மன்னரே இல்லை. ஆனால் பிற அரசர்கள், நாடுகள் மீதான விசுவாசத்தை அறவே துறப்பதாகச் சொல்லச் சொல்வார்கள். கனடாவிலும் நியூசிலாந்திலும் 14 வயதான பிள்ளைகளும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பதால், வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால் அவருக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

மன்னர் பெயரைச் சொல்ல மனம் ஒப்பவில்லை என்பவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் ஐரிஷ்காரர்களின் கதையை அறிந்துகொள்ளலாம். இந்த ஒரு வாசகத்தோடு அவர்கள் அளவுக்கு மல்லுக்கட்டியவர்கள் குறைவு. 1921 டிசம்பரில் கையெழுத்தான ஆங்கில-ஐரிஷ் ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு, புதிதாக அமையும் ஐரிஷ் அரசின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பதாக உறுதி கூற வேண்டும் என்றது. மறு ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டதற்கு அந்த வாசகம் ஒரு முக்கியக் காரணம். 1927-ல், ஒப்பந்தத்தை எதிர்த்த தலைவரான டி வலேரா, பைபிளை அப்பால் எடுத்து வைத்துவிட்டு, இது வெறும் சடங்கு, தாம் பிரமாணம் எதுவும் எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டில் கையெழுத்திட்டு அவைக்குள் நுழைந்தார். ஆட்சிக்கு வந்த பின், 1933-ல் அந்தப் பிரமாணத்தையே சட்டம் இயற்றி ஒழித்தார்.

அந்த மண்ணிலிருந்து கனடாவுக்குப் போனவர்களுக்கு அதே வாசகம் அங்கேயும் வந்து நின்றது. ஐரிஷ் குடியரசு மரபில் வந்த மைக்கேல் மெக்கட்டீர் உள்ளிட்ட மூன்று நிரந்தரவாசிகள், மன்னர் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்துவது தங்கள் மனசாட்சி உரிமைக்கு விரோதம் என்று வழக்குத் தொடுத்தார்கள். 2014-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்போதைய வாசகத்தில் இருந்த அரசி என்ற சொல் ஒரு தனி மனுஷியைக் குறிக்கவில்லை, கனடாவின் ஆட்சிமுறைக்கு அது ஓர் அடையாளம் என்பதே தீர்ப்பின் சாரம். உறுதிமொழி எடுத்த பிறகு, மன்னராட்சி தமக்கு உடன்பாடில்லை என்று பகிரங்கமாகச் சொல்லத் தடையில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. வழக்காடிய மூவரில் ஒருவரான கணிதப் பேராசிரியர் டிரோர் பார்-நடான் 2015-ல் உறுதிமொழி எடுத்துக் குடிமகனான உடனேயே, மன்னர் தொடர்பான பகுதியை மறுப்பதாக அறிவித்தார். குடியுரிமை அவரிடமே இருக்கிறது. ஆகவே மனம் உறுத்தினால், நீதிமன்றமே காட்டிய இந்த வழி உங்களுக்கும் உண்டு.

கடவுள் பெயரால் ஆணையிடத் தயங்குபவர்களுக்கு ஒரு தனி வாசகமும் இருக்கிறது. நம் ஊர் அமைச்சர்கள் பதவியேற்கும்போது சிலர் "ஆண்டவன் மீது ஆணையிட்டு" என்றும், சிலர் "உளமார" என்றும் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் அதே போல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மன்னர் பெயர் மட்டும் இரண்டிலும் வரும்.

இனி நமக்கும் ஐரிஷ்காரர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்துக்கு வருகிறேன். அயர்லாந்தில் பிறந்தவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றாலும் ஐரிஷ் குடிமகனாகவே இருக்கிறார். அவர் இழப்பது, இழந்ததாக நினைத்தால், தன்மானம் ஒன்றைத்தான். இந்திய அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவும், 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும், தாமாக முன்வந்து பிற நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது என்கின்றன. யாரும் ஆணை பிறப்பிக்கத் தேவையில்லை. விழா முடிந்த அந்த நாளிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. எனவே வெளிநாட்டுக் குடியுரிமை உண்மையிலேயே வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கனடாவில் ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் தங்கினால் நிரந்தரவாசி நிலையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் வாழும் ஐரிஷ்காரர் பலர் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்பதே இல்லை. அது இல்லாமலே அங்கே வேலை பார்க்கவும் வாக்களிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் மாறுவதையும் சில குடும்பங்கள் செய்கின்றன. ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பேன்.

மாறுவதென்று முடிவானால், விழாவுக்கு முன்பே ஊர்ப் பயணத்தை முடித்துவிடுங்கள். அடுத்த சில மாதங்களுக்குப் பயணம் வைக்காதீர்கள். விழா முடிந்ததும் புதிய பாஸ்போர்ட், அதன் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுதல், அதைக் காட்டி ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) விண்ணப்பித்தல் என்ற வரிசையில் போக வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருடம் பாக்கி இருக்கிறதே என்று அதில் பயணம் செய்வது குற்றம், அபராதமும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள்.

சொத்து விஷயத்தில் அநாவசியப் பயம் வேண்டாம். ஊரில் உள்ள பூர்வீகப் பெரிய வீட்டில் உங்களுக்குள்ள பங்கு குடியுரிமை மாறுவதால் போய்விடாது. தகப்பனார் வழி வரும் வயலையும் வாரிசாகப் பெறலாம். வயல், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றைப் புதிதாக விலைக்கு வாங்க மட்டும் முடியாது. அந்தத் தடை வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகனுக்கும் உள்ளதுதான். கவனம் பத்திரத்தில் வேண்டும். பதினாறு பங்காளிகள் சேர்ந்து எழுதிய ஒரு பாகப்பிரிவினை வரைவில், பழைய மாதிரியைப் பார்த்து எழுதியதால் எல்லோர் பெயருக்குப் பின்னும் "இந்தியக் குடிமகன்" என்றே இருந்தது. அவர்களில் இருவர் லண்டனில் எப்போதோ உறுதிமொழி எடுத்தவர்கள். பதிவுக்கு முந்தின நாள் இரவில்தான் அது கண்ணில் பட்டது.

நேரில் வர முடியாதவர்கள் தம்பியின் பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ பவர் எழுதி அனுப்பலாம். பிரிட்டனில் இருப்பவர் அங்கே அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் பத்திரத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான அரசுச் சான்று) பெறலாம். கனடாவிலும் 2024 ஜனவரி 11 முதல் அந்த வசதி வந்துவிட்டது. பவர் எழுதுகிறவரின் குடியுரிமையையும் புதிய பாஸ்போர்ட் எண்ணையும் அதில் சரியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். தபாலில் வந்த பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்பதால், உறை வந்து சேர்ந்த அன்றைக்கே தேதியை அதன் மேல் குறித்து வைக்கும்படி வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.