பிக்கப் டிரக்குக்கு மடிப்புக் கவர்: எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி மாட்டுவது

அமெரிக்காவில் பிக்கப் வாங்கியவர்கள் முதல் மழையிலேயே தெரிந்துகொள்ளும் விஷயம், பின்னால் சாமான் ஏற்றும் பகுதியான பெட் திறந்த வெளி என்பது. மளிகைப் பை நனையும். டிரில் மெஷினை வைத்துவிட்டுக் கடைக்குள் போக மனம் வராது. இதற்குத்தான் பெட்டை மேலே மூடும் டொனோ கவர். துணிபோலச் சுருட்டும் மென்மையான கவர் 200, 300 டாலருக்கே கிடைக்கும். ஆனால் ஒரு கத்தி போதும், கிழித்துவிடலாம். மோட்டாரில் உள்ளிழுத்துக்கொள்ளும் வகை 2,000 டாலரைத் தாண்டிவிடும். இடையில் இருப்பது, கெட்டியான பலகைகளை மடிக்கும் வகை. பெரும்பாலும் 700 முதல் 1,300 டாலருக்குள் முடியும். நாமே மாட்டிக்கொள்ளலாம், துளை போட வேண்டியதில்லை. இங்கே சொல்லப்போவது அதைப் பற்றி மட்டும்.

காசு கொடுக்கும் முன் டேப்பை எடுங்கள்

கவர் சரியாக உட்காராததற்குக் காரணம் பெரும்பாலும் மாட்டிய விதம் இல்லை, வாங்கிய அளவு. பெட்டின் பின்கதவான டெயில்கேட்டை மூடுங்கள். கேபினை ஒட்டிய முன்சுவரின் உள்பக்கத்திலிருந்து டெயில்கேட்டின் உள்பக்கம் வரை, மேல் விளிம்பை ஒட்டி அளக்க வேண்டும். ஃபோர்டு எஃப்-150 குட்டை பெட் என்றால் சுமார் 67 அங்குலம் வரும். அதைத்தான் ஐந்தரை அடி என்கிறார்கள். செவ்ரோலே சில்வராடோ 1500-இன் குட்டை பெட் ஏறக்குறைய 70 அங்குலம். பேச்சில் இரண்டுமே 'ஷார்ட் பெட்'தான். ஆனால் ஒன்றின் கவர் மற்றதில் உட்காராது.

வண்டியின் ஆண்டை மட்டும் நம்பினாலும் சிக்கல் வரும். ராம் 1500 2019-இல் புது வடிவத்துக்கு மாறியது. பழைய வடிவத்தையும் 'கிளாசிக்' என்ற பெயரில் தொடர்ந்து விற்றார்கள். அதே ஆண்டு சில்வராடோவும் அப்படித்தான்: புதியது ஒன்று, பழைய உடம்போடு 'எல்டி' (LD) என்று இன்னொன்று. 2019 மாடல் பழைய வண்டியாக வாங்கியிருந்தால், இணையதளத்தில் ஆண்டைத் தட்டிவிட்டு ஆர்டர் செய்யாதீர்கள். உங்களுடையது எந்த வகை என்று உறுதிசெய்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் பெட்டுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ராம் வண்டியில் பக்கவாட்டுப் பெட்டிகளான ராம்பாக்ஸ் இருந்தால் அதற்கென்று தனிக் கவர் வேண்டும். டொயோட்டா டகோமாவில் சாமானைக் கட்ட உள்ள ரெயில்கள், நிஸானில் அதே வேலைக்கான யூட்டிலி-டிராக் இரண்டும் கிளாம்ப் (கவரை விளிம்போடு இறுக்கும் பிடி) மாட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும்; கவரின் விவரப் பக்கத்தில் அவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்க வேண்டும். பெட்டுக்கு உள்உறையாகத் தனியாக இறக்கி வைக்கும் பிளாஸ்டிக் லைனர் விளிம்பின்மேல் ஏறியிருந்தால், கிளாம்ப் வரும் இடங்களில் அதை வெட்ட நேரும். தெளித்துப் பூசிய லைனர் என்றால் தொல்லை இல்லை. கேபினை ஒட்டிக் குறுக்கே டூல்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண மடிப்புக் கவர் ஆகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

பலகை அலுமினியமாக இருக்கலாம், ஃபைபர் கலந்த பாலிமராகவும் இருக்கலாம். எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை, இரண்டும் துருப்பிடிக்காது. கவனிக்க வேண்டியது பலகைகள் சேரும் கீல். தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான். கீலின் அடியிலும் ரப்பர் ஓடியிருக்கிறதா என்று கேளுங்கள்.

'400 பவுண்டு தாங்கும்' என்று போட்டிருந்தால், அது கவர் முழுக்கச் சமமாகப் பரவிய எடைக்கு. மினசோட்டா பனிக்கு அது உதவும். ஒரு பலகையின் நடுவில் ஆள் ஏறி நிற்பதற்கு இல்லை.

மூன்றாக மடியும் வகையில், மடித்த பலகைகள் முன்பக்கம் படுத்துக் கிடக்கும். அந்த இடத்தில் உயரமான பொருள் வைக்க முடியாது. கேபினோடு சேர்த்து நிமிர்த்தி வைக்கும் வகையில் பெட் முழுவதும் திறக்கும். ஆனால் பின்கண்ணாடி மறையும், பல வண்டிகளில் மேலே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கும் மறையும். அடிக்கடி பெரிய சாமான் ஏற்றாதவர்களுக்கு மூன்று மடிப்பே போதும் என்பேன்.

பூட்டு பற்றியும் ஒன்று. பெரும்பாலான கவர்களுக்குத் தனிச் சாவி கிடையாது. தாழ்ப்பாள் உள்ளே இருக்கும், டெயில்கேட்டைத் திறந்தால்தான் கைக்கு எட்டும். ஆகவே டெயில்கேட் பூட்டாத வண்டியில் இந்தக் கவர் மழையைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது. பூட்டு இல்லையென்றால் முதலில் அதற்கு ஒரு பூட்டு போடுங்கள். மைலேஜ் கூடும் என்ற விளம்பரத்தை நம்பி மட்டும் வாங்க வேண்டாம்.

மாட்டுவது

சாக்கெட் ரெஞ்ச், டேப், ஒரு துணி, ஆல்கஹால் இவை போதும். கவரைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். 50, 60 பவுண்டு இருக்கும், தனியாளாகத் தூக்கினால் பெயின்டில் கீறல் விழும். பெட்டியைப் பிரித்ததும் மூலைகள் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நசுங்கியிருந்தால் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள், மாட்டாதீர்கள். மாட்டியபின் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

பெட்டின் மேல் விளிம்புகளைக் கழுவிக் காயவைத்து, ஆல்கஹாலால் துடையுங்கள். முன்சுவரின் மேல் ஒட்டும் ரப்பர் பட்டையை நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்திக்கொண்டே வாருங்கள், இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கிவிடும். கடும் குளிரில் பசை பிடிக்காது, வெயில் வரட்டும்.

அடுத்தது கவரோடு வந்த பக்க ரெயில்கள். இரண்டையும் முன்சுவரோடு ஒட்டித் தள்ளி, கிளாம்ப்களைக் கையால் மட்டும் திருகுங்கள். ரெஞ்சை இப்போது எடுக்கக் கூடாது. இரு ரெயில்களுக்கும் இடையே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பாருங்கள். நிலை கோணலாக இருந்தால் எவ்வளவு நல்ல கதவும் உராயும் இல்லையா, இதுவும் அதேதான். இந்த அளவுக்குச் செலவழிக்கும் கால் மணி நேரம்தான் மொத்த வேலையிலும் முக்கியமானது.

அளவு சரியானதும் கவரை மடித்த நிலையிலேயே இருவரும் தூக்கி முன்பக்கம் வைத்து, மெதுவாக விரியுங்கள். இடது, வலது இடைவெளி சமமாக இருக்கிறதா? கடைசிப் பலகை டெயில்கேட்டின் மேல் சரியாக விழுகிறதா? டெயில்கேட்டை மெல்ல மூடிப் பாருங்கள். இடித்தால் கவரை முன்னால் தள்ளுங்கள், ஓங்கிச் சாத்தாதீர்கள்.

எல்லாம் பொருந்திய பிறகுதான் ரெஞ்ச். கவரோடு வந்த தாளில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவோடு நிறுத்துங்கள். டகோமாவுக்கும் 2022 மாடல் முதல் வந்த டண்ட்ராவுக்கும் உள்பெட் இரும்பு இல்லை, கலவைப் பிளாஸ்டிக். வலுவாக முறுக்கினால் விளிம்பு விரிசல் விடும். மின்சார ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

ரெயிலில் முன் மூலைகளில் சின்னக் குழாய் முனை இருந்தால், அதில் வடிகுழாயைச் செருகி, பெட்டின் வடிதுளை வழியாகக் கீழே விடுங்கள். சில இடங்களில் இதை 'விருப்பமானால்' என்று எழுதியிருப்பார்கள். விட்டுவிட்டால் ரெயிலில் சேரும் நீர் முழுவதும் உள்ளே வழியும்.

கடைசியாகத் தோட்டத்து ஹோஸால் ஐந்து நிமிடம் மழைபோலத் தண்ணீர் ஊற்றி, உள்ளே பாருங்கள். மூலைகளில் சில துளி இருந்தால் கவலை வேண்டாம். எந்த மடிப்புக் கவரும் முழுக்க நீர்புகாதது இல்லை. ஓடையாக வந்தால் அந்தப் பக்கத்துக் கிளாம்ப்பைத் தளர்த்தி ரெயிலை மறுபடி நேராக்குங்கள். பிரஷர் வாஷரைக் கீலுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.

முதல் ஒரு வாரம் ஓட்டியபின் கிளாம்ப்களை மறுபடி சரிபாருங்கள், அதிர்வில் தளரும். பாதி மடித்து ஓட்டுவதானால் உடன் வந்த வார்ப்பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள். நெடுஞ்சாலைக் காற்று பலகையைத் தூக்கிக் கேபின் கண்ணாடியில் அடித்துவிடும்.