தர்மபுரிக் கொல்லையில் நின்று மின்னலின் ரேடியோவைக் கேட்பது எப்படி?

மின்னல் வெட்டும்போது, நம் காது உணரும் அதே அதிர்வெண்களில் ரேடியோ அலையும் கிளம்புகிறது. ஒலியல்ல என்பதால் நேரே கேட்காது. ஒரு கம்பிச்சுருளும் லேப்டாப்பும் இருந்தால் கேட்கலாம்.

1 மீட்டர் சதுரத்தில் மரச்சட்டம். மோட்டார் வைண்டிங் கடையில் 28 கேஜ் கம்பி 200 கிராம் வாங்கி, 40 சுற்று சுற்றுங்கள். முனைகளில் எனாமலைச் சுரண்டி மைக் பின்னில் சால்டர் வையுங்கள். போன் வேண்டாம், அதன் இரைச்சல் குறைக்கும் வசதி நமக்கு வேண்டியதையே அழித்துவிடும். சாதாரண யுஎஸ்பி சவுண்ட் கார்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள், விநாடிக்கு 48,000 சாம்பிள், வேவ் கோப்பு.

அடுத்தது இடம். இதில்தான் மூன்று மாதம் தேங்கினேன். வீட்டுக்குப் பின்னால் போர்வெல்லுக்குப் போகும் த்ரீ ஃபேஸ் லைன். 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ரீங்காரமாக எல்லாவற்றையும் மூடின. சுற்றைக் கூட்டினேன், வயரை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் பென்னாகரம் பக்கம், கம்பமே இல்லாத மானாவாரிக் கொல்லைக்குப் போனேன். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பைச் சுருளிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வைத்தேன். சட்டத்தை நிமிர்த்தி மெல்லத் திருப்பினால் ஒரு திசையில் ரீங்காரம் அடங்கும், அங்கேயே நிறுத்துங்கள். கடுகு பொரிவதுபோல் சடசடவென்று கேட்டதே, அதெல்லாம் எங்கோ தொலைவில் விழுந்த மின்னல்கள்!

ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்று காட்டும் படத்தில், 18.2 கிலோஹெர்ட்ஸில் கோடு தெரிந்தால் சுருள் சரி. அது நெல்லைச் சீமை விஜயநாராயணத்திலிருந்து கடற்படை நீர்மூழ்கிகளுக்கு அனுப்பும் அலை.

இரவு எட்டுக்கு மேல் சில வெடிப்புகள் 'ட்வீக்' என்று குருவிபோல் ஒலிக்கும். தரைக்கும், வானுயரத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்துக்கும் நடுவே எதிரொலித்து வருபவை. படத்தில் வால் வளைந்து படுக்கும் அதிர்வெண்ணால் 1,50,000-ஐ வகுங்கள். விடை கிலோமீட்டரில் வரும். எனக்கு அந்த அதிர்வெண் 1,700 ஹெர்ட்ஸ். அயனி மண்டலத்தின் அடிவிளிம்பு 88 கிலோமீட்டர் உயரத்தில்! ராக்கெட் இல்லாமல், கொல்லையில் உட்கார்ந்து அளந்தது.

விசிலர் கேட்குமா? பூமியின் காந்தக்கோட்டைப் பிடித்து, காந்தமண்டலம் வழியே மறு அரைக்கோளத்துக்குப் போகும் மின்னல் அலை அது. உயர் சுருதி முந்திவரும், தாழ் சுருதி பின்தங்கும். அதனால் இறங்கும் விசில். 1953-இல் ஸ்டோரி என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிப் போவதால், நம் தலைக்குமேல் கோடுகள் ஏறக்குறைய படுத்தே கிடக்கின்றன. அலை ஏறிப்போக வழியில்லை. வடக்கே நைனிடாலிலும் குல்மார்க்கிலும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே விசில் வரவில்லையென்று சுருளைப் பிரிக்காதீர்கள். வியாழனில் 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் பிடித்ததும் விசிலர்தான். அங்கும் மின்னல் உண்டு என்பதற்கு அது ஒரு சாட்சி.

பிற்சேர்க்கை: தேன்கனிக்கோட்டை வாசகர் ஒருவருக்கு விநாடிக்கொரு முறை 'டக்' என்று கேட்டிருக்கிறது. மின்னலல்ல, பக்கத்துக் கொல்லையின் சோலார் வேலி. அரை கிலோமீட்டர் நகர்ந்ததும் நின்றுவிட்டது. காட்டோரம் என்றால் யானை நடமாட்டம் விசாரித்து, துணையோடு போங்கள். இடி காதில் விழுந்தால் உடனே சுருளைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.