தர்மபுரியிலிருந்து அமெரிக்க வகுப்பறைக்கு: ஜே-1 ஆசிரியர் விசாவை நீங்களே தொடங்குவது எப்படி

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆசிரியர்கள் அமெரிக்கப் பள்ளியில் பாடம் நடத்தப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே "எவ்வளவு கட்டணும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பணத்தை அப்புறம் பார்க்கலாம், யாரிடம் விண்ணப்பிக்கிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இது கலாச்சாரப் பரிமாற்றத் திட்டம், விசாவின் பெயர் ஜே-1. அந்த விசாவுக்கு வேண்டிய டிஎஸ்-2019 என்ற தகுதிச் சான்றுப் படிவத்தை அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர், அதாவது இந்தத் திட்டத்தை நடத்தும் அமைப்பு, மட்டுமே கொடுக்க முடியும். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் அந்தத் துறையின் ஜே-1 இணையதளத்திலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் போர்டு மாட்டியிருக்கும் ஏஜென்ட்டால் அந்தப் படிவத்தைத் தரவே முடியாது, அதனால் அவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்பான்சர்களும் கட்டணம் வாங்குவார்கள்தான், எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள்.

தகுதி எளிமையானது. கல்வியியலிலோ நீங்கள் நடத்தும் பாடத்திலோ அமெரிக்க இளங்கலைக்குச் சமமான பட்டம், முழுநேர ஆசிரியராகக் குறைந்தது 2 ஆண்டு அனுபவம், வகுப்பை நடத்தப் போதுமான ஆங்கிலம். பொதுவாக, விண்ணப்பிக்கும்போது ஆசிரியர் வேலையில் இருக்க வேண்டும். இதற்கு மேல், போகும் மாநிலம் கேட்கும் ஆசிரியர் உரிமத் தகுதி தனி. அங்கே முதலில் அதிகபட்சம் 3 ஆண்டு வேலை பார்க்கலாம், பள்ளியும் ஸ்பான்சரும் கேட்டால் நீட்டிப்பு கிடைக்கலாம். குடியேறுவதற்கான வழி இது இல்லை, அந்த எண்ணத்தோடு இதில் இறங்க வேண்டாம்.

மெனக்கெட வேண்டிய இடம் காகிதங்கள்தான். நம் பட்டம் அவர்கள் பட்டத்துக்குச் சமமா என்று மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் உண்டு, அவர்களில் பலர் மதிப்பெண் விவரங்களைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பட்டம் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில், பி.எட். அண்மை ஆண்டுகளில் முடித்திருந்தால் அது சென்னையிலுள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில், ஆக இரண்டு இடத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வேலை தேட ஆரம்பிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அடுத்து நம்மவர்களுக்கே உரிய சிக்கல், இனிஷியல். சான்றிதழில் 'மு' என்று ஓர் எழுத்து இருக்கும், பாஸ்போர்ட்டில் முருகேசன் என்று அப்பா பெயர் முழுதாக வந்திருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். எல்லாம் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், அங்கே உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். அனுபவச் சான்றிதழிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகுப்பு, எந்தப் பாடம், முழுநேரம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். "நன்கு பணியாற்றினார்" என்று மட்டும் எழுதிய கடிதம் எதற்கும் ஆகாது. அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் துறை அனுமதியைத் தலைமையாசிரியர் மூலம் இப்போதே கேட்டு வையுங்கள், அது நாளெடுக்கும்.

வேலைக்கான நேர்காணலில் உச்சரிப்பை நினைத்துப் பயப்படாதீர்கள். மாதிரிப் பாடம் நடத்தச் சொன்னால் நம் மண்ணிலிருந்தே ஒன்றை எடுங்கள். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் ஒரு நடுகல்லின் படத்தைக் காட்டி, "இந்த ஆள் கையில் என்ன இருக்கிறது, இவருக்கு என்ன நடந்திருக்கும்?" என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள். மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்டவருக்கு ஊர் நட்ட கல் என்பதை அவர்கள் கேட்ட பிறகு சொல்லலாம். தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்து நடத்திய ஓசூர் பக்கத்து ஆசிரியர்கள் அதையும் கட்டாயம் சொல்லுங்கள், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் அங்கேயும் நிறைய.

வேலை உறுதியாகி டிஎஸ்-2019 வந்ததும் செவிஸ் (பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களை அமெரிக்க அரசு பதிந்து வைக்கும் கணினி அமைப்பு) கட்டணம் 220 டாலர், விசாக் கட்டணம் தனி, விசா நேர்காணலுக்குச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். சம்பளக் கணக்கு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தப்படி ஆசிரியர்களுக்கு 2 ஆண்டு வருமான வரி விலக்கு உண்டு என்று சொல்வார்கள், ஆனால் தங்குவது 2 ஆண்டைத் தாண்டினால் மொத்தக் காலத்துக்கும் அது போய்விடும், அதனால் 3 ஆண்டுக்குப் போகிறவர்கள் அதை நம்பிச் செலவைத் திட்டமிட வேண்டாம். கிராமப்புறப் பள்ளி என்றால் கார் இல்லாமல் நடக்காது, கார் ஓட்ட இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் உங்கள் பள்ளியில் ஒரு சக ஆசிரியரிடம் பேசி வையுங்கள். அங்குள்ள மாணவர்களை வேறு நாட்டு மாணவர்களோடு, முடிந்தால் உங்கள் சொந்தப் பள்ளியோடு, பேச வைப்பது ஆண்டுதோறும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. கிழக்குக் கரை மாநிலத்தில் கோடையில் காலை எட்டரை மணி என்றால் இங்கே மாலை ஆறு, பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கடிதமும் பதிவு செய்த வீடியோவும்தான் சரிப்படும்.