இடுப்புத்தளப் பயிற்சி: சொல்லித் தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருமும்போதும், தும்மும்போதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் சிறுநீர் கசிகிறது என்று வரும் பெண்களுக்கு இளம் பிசியோதெரபிஸ்டுகள் இடுப்புத்தளப் பயிற்சி, அதாவது இடுப்பின் அடித்தளத் தசைகளைத் தூக்கிப் பிடித்துத் தளர்த்தும் பயிற்சி, சொல்லித் தருவதைப் பக்கத்தில் அமர்ந்து கவனிப்பது இப்போது என் வேலையின் ஒரு பகுதி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த பிழைகளை, பெரும்பாலும் நான் பயன்படுத்திய அதே சொற்களோடு, அவர்களும் செய்கிறார்கள். பாடப்புத்தகத்தைப் புரட்டினால் தாமாகவே திருந்திவிடும் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

‘ஸ்ட்ரெஸ்’ என்பதை மன அழுத்தம் என்று எழுதுவது

இந்தக் கசிவுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்’ என்று பெயர். அதிலுள்ள ‘ஸ்ட்ரெஸ்’, வயிற்றுக்குள் திடீரென்று உயரும் அழுத்தம். சீட்டில் தவறாக எழுதிவிட்டால், ‘மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே’ என்ற அறிவுரைதான் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும்.

‘பலம் கொடுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது

இதை இன்றும் எரிச்சலில்லாமல் கேட்க முடிவதில்லை. இரண்டாவது சுகப்பிரசவத்துக்குப் பிறகு கசிவோடு வந்த ஒரு பெண்மணியிடம், ‘அடியில் நன்றாகப் பலம் கொடுத்து இறுக்குங்கள்’ என்று சொல்லி, அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்து அனுப்பினேன். ஆறு வாரம் ஒரு நாளும் தவறாமல் செய்துவிட்டுத் திரும்பி வந்தவர், கசிவு கூடியிருப்பதாகக் கூச்சத்தோடு சொன்னார். அனுமதி பெற்று, யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்தில் கையுறையணிந்த விரலை வைத்து, செய்து காட்டச் சொன்னேன். மூச்சு நின்றது, வயிறு முன்னே தள்ளியது, அந்த இடம் என் விரலை நோக்கிக் கீழே புடைத்தது. அவர் முக்கிக்கொண்டிருந்தார். பிரசவ அறையில் பலம் கொடுக்கச் சொன்னபோது செய்ததைத்தான் அதே சொல்லைக் கேட்டு மீண்டும் செய்திருந்தார். பிழை என் சொல்லில் இருந்தது.

இடுப்புத்தளத்தின் முதன்மைத் தசையான லெவேட்டர் ஏனை, முன்னாலுள்ள பூப்பெலும்பிலிருந்து பின்னாலுள்ள வால் எலும்பு வரை தொட்டில் துணிபோல விரிந்திருக்கிறது. யோனியின் முன்சுவரும் அதைச் சுற்றிய இணைப்புத் திசுவும் பக்கவாட்டில் இந்தத் தசையோடு தொடர்புகொண்டு, சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் ஒரு தாங்கலாக அமைகின்றன. இருமலின் அழுத்தம் மேலிருந்து இறங்கும்போது அந்தத் தாங்கல் விறைப்பாக இருந்தால் குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். தளர்ந்திருந்தால் குழாய் கீழே நழுவிச் சிறுநீர் கசியும். முக்கும்போது இருமலின் அதே அழுத்தம் தாங்கலின்மேல் விழுகிறது. ஆகவே ஆறு வாரமும் அவர் தம் தாங்கலைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.

1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்ததும் 47 பெண்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப்பேர்தாம் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப்பேர் செய்த முறை கசிவைக் கூட்டக்கூடியதாகவே இருந்தது. 1948-இல் இந்தப் பயிற்சியைப் பரப்பிய ஆர்னால்ட் கெகலே வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்கவில்லை, யோனிக்குள் வைத்து அழுத்தத்தைக் காட்டும் கருவியையும் பயன்படுத்தினார். ‘கெகல் பயிற்சி’ என்று அவர் பெயரை வைத்துக்கொண்ட நாம் கருவியை மறந்துவிட்டு, தாளை மட்டும் நீட்டுகிறோம்.

‘நாலு பேர் நடுவில் காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயை மூடி, அப்படியே முன்பக்கமாக உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள்’ என்பது நான் இப்போது சொல்வது. சொன்ன பிறகு விரலாலோ கண்ணாலோ அல்ட்ராசவுண்டாலோ பார்த்து உறுதிசெய்யாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பரிசோதனைக்குத் தயங்குபவர்களிடம் வீட்டில் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்: அந்த இடம் உள்வாங்கினால் சரி, புடைத்தால் உடனே நிறுத்த வேண்டும்.

சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வது

வேண்டாம்.

தளர்த்தக் கற்பிக்காமல் விடுவது

எத்தனை விநாடி தூக்கிப் பிடித்தாரோ, குறைந்தது அத்தனை விநாடி முழுமையாகத் தளர்த்த வேண்டும். எப்போதும் இறுகியே இருக்கும் தசைக்கு இருமல் வரும்போது மேலும் இறுக இடமிருக்காது.

சீக்கிரம் கைவிடவிடுவது, இருமலோடு இணைக்காமல் விடுவது

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு குறைந்தது 3 மாதம், நாளுக்கு 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 முறை தசையை இறுக்க வேண்டும் என்கிறது. அதோடு, இருமலோ தும்மலோ வருவதற்குச் சற்று முன்பே தூக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் தனியாகக் கற்றுத்தர வேண்டும். மேலே சொன்ன பெண்மணிக்கு முதலிலிருந்து மீண்டும் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் மாதம் என் எதிரே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தவர், தும்மல் வருவதை உணர்ந்து பேச்சை நிறுத்தி, ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு தும்மினார். நனைந்திருக்கிறதா என்று பார்க்கக் கையை நாற்காலியின் பக்கம் கொண்டுபோகவில்லை. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.