‘நிர்வாகியைத் தூக்கு!’ என்று கத்துவதற்கு முன்

சனிக்கிழமை ராத்திரி புளோக்குக் கீழே காப்பிக்கடையில் இங்கிலாந்துக் கால்பந்து மேட்ச் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு. இரண்டு கோல் வாங்கியதும், தே ஓ (பால் இல்லாத டீ) ஆறுவதற்குள் குழுவை நடத்தும் நிர்வாகியின் சீட்டைக் கிழித்துவிடுவோம். நானும் அப்படித்தான். 2014 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட், கடைசி இடத்தில் கிடந்த ஃபுல்ஹமுக்கு எதிராக 80 தடவைக்கு மேல் ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி 2-2 என்று முடித்த அன்று, யுனைடெட் நிர்வாகி டேவிட் மோயஸை நான் திட்டிய திட்டில் பக்கத்து மேசைப் பெரியவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

திட்டுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் அவர் கைக்கு என்ன வந்தது என்று பாருங்கள். அவருக்கு முன் நிர்வாகியாக இருந்த ஃபெர்குசன் 2013இல் கிளம்பும்போது 13 லீக் பட்டங்களோடு வயதான தற்காப்பு வரிசையையும் விட்டுப்போனார். ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பேரத்தைப் பார்த்துக்கொண்ட டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்த மோயஸ் பத்து மாதம்கூடத் தாங்கவில்லை.

அடுத்து, அவகாசம். 1986 நவம்பரில் வந்த ஃபெர்குசனுக்கு முதல் கிண்ணம் 1990இல்தான் கிடைத்தது, லீக் பட்டம் 1993இல். இன்றைக்கு யார் அவ்வளவு நாள் விடுவார்கள்? லெஸ்டருக்கு 2016இல் பட்டம் வாங்கிக் கொடுத்த ரனியேரியையே ஒன்பது மாதத்தில் அனுப்பிவிட்டார்களே.

அப்புறம் ஆளைப் பாருங்கள், புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். 1991 பிப்ரவரியில் எவர்ட்டனோடு 4-4 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, லிவர்பூல் முதலிடத்தில் இருக்கும்போதே அதன் நிர்வாகி டல்கிலிஷ் விலகினார். ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் இறந்த துயரம் நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, இறந்தவர்களில் பலரின் இறுதிச் சடங்குக்குப் போய் நின்ற மனிதர். முதலிடத்தில் இருப்பவருக்கு என்ன கவலை என்று நாம் நினைக்கிறோம். 2024இல் அதே லிவர்பூலின் நிர்வாகி கிளோப்பும் தெம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லித்தான் போனார்.

ஒரு நிர்வாகி விட்டுப்போனது என்ன என்பதைப் போன பிறகுதான் கணக்குப் பார்க்க முடியும். அடுத்து வருபவர் முதல் வருடம் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கிளோப்புக்கு அடுத்து வந்த ஸ்லாட் பெரிதாக ஆள் வாங்காமலேயே வந்த வருடமே லீக்கை வென்றார். அதில் பாதிப் பெயர் கிளோப்புக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. லிவர்பூலிலேயே 1974இல் நிர்வாகி ஷாங்க்லி விலகிய பிறகு, அவரிடம் உதவியாளராக இருந்த பெய்ஸ்லி ஒன்பது பருவத்தில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கிண்ணம் என்று அள்ளினார்.

இதையெல்லாம் காப்பிக்கடையில் எடுத்துவிடுவதற்கு முன் பக்கத்து மேசையை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஷாங்க்லி என்று வாயெடுத்தால் அந்தப் பெரியவர் சிங்கப்பூர் வென்ற 1977 மலேசியக் கிண்ணம், அப்போதைய பயிற்றுநர் அங்கிள் சூ என்று ஆரம்பித்துவிடுவார். சரி, இன்னொரு தே ஓ சொல்லிவிடுங்கள்.