ஃப்ரீ மோஷன் குயில்ட்டிங்கில் தையல் விட்டுப்போனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, மிஷினில் துணியை அடியிலிருந்து நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையாலேயே நகர்த்திப் பூவும் கொடியும் சுருளுமாகத் தைப்பதே ஃப்ரீ மோஷன் குயில்ட்டிங். நம் ஊர்த் தையற்கடைகளில் வளையத்தில் துணியை இறுக்கிப் போடும் மிஷின் எம்ப்ராய்டரியும் இதே முறையில் நடப்பதுதான். இதைப் பழகுகிறவர்களை மிகவும் சோர்வடையச் செய்வது தையல் விட்டுப்போவது. நான்கு தையல் ஒழுங்காக விழுந்திருக்கும். அடுத்த இடத்தில் நூல் எதிலும் பிடிக்காமல் துணியின் மேல் நீளமாகக் கிடக்கும். உடனே பெரும்பாலோரின் கை, நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகுக்குப் போகிறது. முதலில் தொட வேண்டிய இடம் அதுவன்று. எங்கே, எந்தத் திசையில், எந்த நேரத்தில் தையல் விட்டது என்பதைத் துணியைப் பார்த்தே தெரிந்துகொண்டால், காரணத்தில் பாதி அங்கேயே பிடிபட்டுவிடும்.

அதற்கும் முன்னதாக, விட்டது தையல்தானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீளமாகக் கிடக்கும் அந்த நூலுக்கு அடியில் உள்ள துணியை, இஸ்திரி போடுவதற்கும் நனைப்பதற்கும் முன்பே, விளக்கு வெளிச்சத்தில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நீளத் தையலின் நடுவில் ஊசி குத்திய துளை தெரிந்தால், ஊசி இறங்கியிருக்கிறது, ஆனால் நூல் பூட்டிக்கொள்ளவில்லை என்று பொருள். அதுவே உண்மையாக விட்டுப்போன தையல். துளையே இல்லையென்றால் மிஷின்மேல் குற்றமில்லை. மிஷின் ஓடிய வேகத்தைவிடக் கை வேகமாகப் போயிருக்கிறது, அவ்வளவே. அடிப்பக்கத்தில், வளைவுகளின் ஓரமாக மட்டும் மேல்நூல் சிறுசிறு கண்ணிகளாக இழுபட்டுத் தெரிந்தால் அது மூன்றாவது வகை. அங்கேதான் டென்ஷனுக்கும் கைவேகத்துக்கும் வேலை உண்டு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் மிஷினைத் திருகத் தொடங்குவதால்தான் சரியாக இருந்த அமைப்பும் கெட்டுப்போகிறது.

தையல் எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஊசி துணிக்குள் அடிவரை இறங்கி, மீண்டும் மேலேறத் தொடங்கும் அந்த முதல் 2 மில்லிமீட்டர் அளவில், ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே, பின்புறம் குடைந்திருக்கும் பகுதியில் நூல் துணியோடு உராய்ந்து பின்தங்கி ஒரு சிறு கண்ணியாகப் புடைக்கிறது. சரியாக அந்தக் கணத்தில், தட்டுக்கு அடியில் சுழலும் ஷட்டில் கொக்கியின் முனை வந்து கண்ணிக்குள் நுழைந்து, நூலை, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றி எடுத்துச் செல்கிறது. கண்ணி புடைக்கவில்லை என்றாலும், புடைத்த கண்ணி கொக்கிக்கு எட்டாத தூரத்தில் இருந்தாலும் தையல் விழாது. சாதாரணத் தையலில், மேலிருந்து அழுத்தும் ஃபுட்டும் அடியிலுள்ள பல்லும் துணியை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பதால் கண்ணி எளிதாக அமைகிறது. ஃப்ரீ மோஷனில் அந்தப் பிடி இல்லை. தடித்த மூன்றடுக்குத் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு சற்றே மேலெழும்புகிறது, நூலும் கூடவே எழும்புவதால் கண்ணி புடைப்பதில்லை. கை துணியை இழுக்கும்போது ஊசியும் சேர்ந்து வளைகிறது. எல்லாக் காரணங்களும் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில் வந்தே முடிகின்றன.

ஆகவே, தைத்துக்கொண்டிருக்கும் குயில்ட்டின் அதே துணி, அதே பஞ்சு, அதே நூல் ஆகியவற்றைக் கொண்டு ஓர் அடிச் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டைச் செய்துகொள்ளுங்கள். அதில் முன்னும் பின்னும், இடமும் வலமும் நேர்கோடுகளையும், பிறகு வட்டங்களையும், முதலில் மெதுவாகவும் பின்பு வேகமாகவும் தைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, மாற்றியதைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே துணியில் பேனாவால் எழுதிவையுங்கள். ஊசி, நூல், டென்ஷன் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஒருபோதும் தெரியாது. அடுத்த முறையும் இருட்டில் தேட வேண்டியதாகிவிடும்.

திசை பாராமல் எங்கும் பரவலாகத் தையல் விட்டால் ஊசியிலிருந்து தொடங்குவதே முறை. வீட்டு மிஷின்களில் பெரும்பாலானவை ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள, 130/705 எச் அல்லது 15×1 என்று உறையில் அச்சிட்ட ஊசியையே ஏற்கும். இருந்தாலும் உங்கள் மிஷினின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கி நின்றாலும் கண்ணி கொக்கியின் பாதையை விட்டு விலகிவிடும். எந்தப் பக்கத்திலிருந்து நூல் கோர்க்கிறோமோ அந்தப் பக்கம் ஊசியின் நீளப் பள்ளமும், கொக்கி வரும் பக்கம் குடைந்த பகுதியும் இருக்க வேண்டும். தட்டைத் தண்டுள்ள ஊசியில் இது தானாக அமைந்துவிடுகிறது. கடைகளில் ஓடும் பவர் மிஷின்களின் உருண்டைத் தண்டு ஊசி சற்றுத் திரும்பி நின்றாலே தையல் விடும். ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்க்க, அதன் தட்டைப் பக்கத்தை முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் வைத்து, கண்மட்டத்தில் நோக்குங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெரியும் ஒளிக்கீற்று தண்டிலிருந்து முனை வரை ஒரே சீராக இருக்க வேண்டும். முனைப் பக்கம் அது குறுகினாலோ அகன்றாலோ அந்த ஊசியைத் தூக்கிப் போட்டுவிடலாம். பார்வைக்கு நேராக இருந்தாலும் முனை மழுங்கியிருக்கலாம் என்பதால், ஏறக்குறைய எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று குயில்ட் தைப்பவர்கள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். நாள்கணக்கில் உழைத்துச் செய்த ஒரு குயில்ட்டின் முன் ஓர் ஊசியின் விலை பொருட்டே அன்று.

ஊசியின் அளவும் வகையும் நூலோடும் துணியோடும் பொருந்த வேண்டும். 90/14 என்பதில் 90 என்பது ஊசித் தண்டின் விட்டம் 0.90 மில்லிமீட்டர் என்பதையும், 14 என்பது பழைய சிங்கர் கணக்கையும் குறிக்கும். 50 எண் பருத்தி நூலுக்கு 80/12 போதும்; அதைவிடத் தடித்த 40 எண் நூலுக்கு 90/14 வேண்டும். ஊசி மெல்லியதாகவும் நூல் தடிப்பாகவும் இருந்தால் நூல் பள்ளத்தில் அடங்காமல் துணியில் உரசி, கண்ணி ஒழுங்காகப் புடைப்பதில்லை. நெருக்கமான நெசவுள்ள பாத்திக் துணிக்கு மைக்ரோடெக்ஸ் என்னும் கூர்முனை ஊசியும், தடித்த அலங்கார நூலுக்கும் ஜரிகை நூலுக்கும் பெரிய கண்ணுள்ள டாப்ஸ்டிட்ச் ஊசியும் பொருத்தமானவை. எதைச் செய்தும் பிடிபடாத இடத்தில் ஸ்ட்ரெட்ச் ஊசியைப் போட்டுப் பாருங்கள். இழுபடும் துணியில் தையல் விடாமலிருக்கவே அதன் கண்ணும் குடைவும் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரே திசையில் போகும்போது மட்டும், எடுத்துக்காட்டாகத் துணியை உங்களிடமிருந்து அப்பால் தள்ளும்போது மட்டும், தையல் விடுகிறதென்றால், அது ஊசி வளைவதற்கான தெளிவான அடையாளம். அந்தத் திசையில் துணி ஊசியைக் கொக்கியை விட்டு விலக்கி இழுக்கிறது. இதற்கு மிஷினில் தேட வேண்டியதில்லை. கையிலும் மேசையிலும் தேட வேண்டும். பெரிய குயில்ட்டின் கனம் முழுவதும் மேசையின் விளிம்பில் தொங்கினால், நீங்கள் எவ்வளவு மென்மையாக நகர்த்தினாலும் அந்தக் கனம் ஊசியை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இடப்பக்கமும் பின்பக்கமும் மிஷின் படுகையின் உயரத்துக்கே மேசையோ பலகையோ போட்டு, குயில்ட் முழுவதையும் அதன் மேல் தாங்கவையுங்கள். ஊசியைச் சுற்றியுள்ள துணி தளர்வாகக் குவிந்திருக்க வேண்டும், விறைத்து நிற்கக் கூடாது. ரப்பர்ப் புள்ளிகள் உள்ள கையுறை போட்டுக்கொண்டால் விரல்களை அழுத்தாமலேயே துணி பிடிக்குள் வரும். மிஷின் சீராக ஓடட்டும், கை அதைவிட நிதானமாகப் போகட்டும். இலையின் நுனி போன்ற கூர்முனைகளில் ஒரு தையல் நேரம் நின்று திரும்புங்கள். வேகமாக வந்து வெடுக்கெனத் திரும்பும் இடங்களில்தான் தையல் அதிகம் விடுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் விட்டால், 80/12 ஊசிக்குப் பதிலாக 90/14 போடுங்கள். தடித்த ஊசி எளிதில் வளையாது.

துணுக்குகள் சேரும் தடித்த மூட்டுகளிலும், பஞ்சு உப்பலாக இருக்கும் இடங்களிலும் மட்டும் தையல் விட்டால் ஃபுட்டைப் பாருங்கள். சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை அடிவரை இறக்கி, ஃபுட்டுக்கும் துணிக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். துள்ளும் வகை டார்னிங் ஃபுட்டானால் அந்த நிலையில் துணியை மெல்லத் தொட்டு நிற்க வேண்டும். துள்ளாமல் நிலையாக மிதக்கும் வகையானால் ஒரு விசிட்டிங் கார்டின் கனத்துக்கு மேல் இடைவெளி கூடாது. துணி நகர எளிதாக இருக்கிறது என்று ஃபுட்டின் அழுத்தத்தை அளவுக்கு மீறித் தளர்த்தினால், துணி ஊசியோடு சேர்ந்து துள்ளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டார்னிங் ஃபுட்டின் பக்கத்தில் நீண்டிருக்கும் கம்பி, ஊசியைப் பிடிக்கும் திருகின் மேலே உட்கார வேண்டும்; கீழே மாட்டிக்கொண்டால் ஃபுட் ஊசியோடு ஒத்து ஏறி இறங்காது. ஃபுட்டை இறக்கும் நெம்புகோலை இறக்கினீர்களா என்பதையும் பாருங்கள்: மிதக்கும் ஃபுட்டில் இது கண்ணுக்குத் தெரியாமல் போகும். நெம்புகோல் மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிப்பதே இல்லை, அடியில் நூல் கூடு கட்டிக்கொள்ளும். ஜிக்ஜாக் தையலுக்கான அகலத் துளைத் தட்டில் துணி ஊசியோடு துளைக்குள் அமுங்குகிறது. நேர்த்தையலுக்கான ஒற்றைத் துளைத் தட்டு கிடைத்தால் மாற்றுங்கள், வேறுபாடு உடனே தெரியும். அந்தத் தட்டு இருக்கும்போது ஜிக்ஜாக் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஊசி உடைந்துவிடும்.

முதலில் நன்றாகத் தைத்துக்கொண்டிருந்து, சிறிது நேரம் கழித்து விடத் தொடங்கினால் பிசினையும் பஞ்சுத் துகளையும் சந்தேகியுங்கள். அடுக்குகளை ஒட்டுவதற்கு ஸ்ப்ரே பசை அடித்திருந்தால் அது ஊசியில் படிந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். ஊசியை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். கஞ்சி போகாத புதுத் துணியிலும் இதே தொல்லை வரும் என்பதால், வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்துவது நல்லது. ஊசித் தட்டைக் கழற்றி, பாபின் கேஸையும் எடுத்துவிட்டு, ஷட்டில் ஓடும் பாதையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் ஈரம் சேரும், துகளும் உள்ளே போகும். கையேடு எண்ணெய் விடச் சொல்லும் மிஷினானால் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு போதும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு, அது காலப்போக்கில் இறுகிப் பிசினாகி மிஷினையே பாழாக்கிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகே டென்ஷன். மேல்நூல் மிக இறுக்கமாக இருந்தால் கண்ணி புடைப்பதற்கு நூல் விட்டுக்கொடுக்காது. மெல்லிய ஊசியை அது இழுத்து வளைக்கவும் செய்யும். மாதிரித் துண்டில் அரை எண் அளவாகத் தளர்த்திப் பாருங்கள். கூம்பு நூலை மிஷினின் சிறு கம்பியில் மாட்டாமல் தனி ஸ்டாண்டில் வைத்து, நூல் நேர் மேலே எழும்பி வருமாறு செய்தால், இடையிடையே வெடுக்கென இழுபடுவது நிற்கும்.

ஊசி எப்போதாவது தட்டில் மோதி உடைந்திருந்தால் கொக்கியின் முனையையும் தட்டின் துளையையும் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். நகத்தில் இடறும் சிறு பிசிறு நூலைப் பிடித்துக் கண்ணியைக் கலைக்கப் போதுமானது. மிக மெல்லிய உப்புத்தாளால் அந்தப் பிசிறை மட்டும் தேய்த்தெடுக்கலாம், முனையின் வடிவத்தை மாற்றக் கூடாது. பல்லை மீண்டும் ஏற்றி, புது ஊசியோடு, இரண்டே மடிப்புப் பருத்தித் துணியில் சாதாரண நேர்த்தையல் போட்டுப் பார்த்தும் தையல் விடுகிறதென்றால், ஷட்டிலின் டைமிங், அதாவது கொக்கி ஊசியிடம் வந்து சேரும் நேரம், நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. மாதிரித் துண்டையும் அவரிடம் காட்டுங்கள், சொல்லி விளக்குவதைவிட அது விரைவில் புரியவைக்கும். நேர்த்தையல் பழுதில்லாமல் விழுந்தால் டைமிங்கின் மேல் பழி போட அவசரப்படாமல், ஊசிக்கும் ஃபுட்டுக்கும் கைக்குமே திரும்புங்கள்.

குயில்ட்டில் ஏற்கெனவே விட்டுப்போன இடத்தைச் சரிசெய்ய, அதன் இருபுறமும் அரை அங்குல அளவுக்குத் தையலைப் பிரித்து, மேல்நூல்களைக் கைஊசியால் அடிப்பக்கம் இழுத்துப் பாபின் நூலோடு முடிந்து, அடுக்குகளுக்கு நடுவே பஞ்சுக்குள் செலுத்தி மறைத்துவிடுங்கள். பிறகு பாபின் நூலை மேலே எடுத்துக்கொண்டு, பழைய தையலின் மேல் நான்கைந்து தையல் ஏறி, அதே ஊசித் துளைகளின் வழியாகப் போய் மறுமுனையிலும் அவ்வாறே முடியுங்கள். பிரித்த இடத்தில் ஒரு துளி தண்ணீரைத் தொட்டு நகத்தால் நெசவை நீவிவிட்டால் பழைய துளைகள் மூடிக்கொள்ளும்.